ஜே மொழி: பெயர்ப் பட்டியல் எக்ஸ், ஒய் இரண்டை மட்டும் விழுங்குகிறது. ஏன்?

#1 அரைவேக்காடு

எல்லோருக்கும் வணக்கம். ஜே என்ற நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கி நாலு மாதம் ஆகிறது. நேற்று ராத்திரி ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துவிட்டது. தப்பு என்னுடையதா, மொழியுடையதா என்று தெரியாமல் இங்கே வருகிறேன்.

(ஜே-யில் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். படிக்க வசதியாக எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன்.)

புதிதாகத் திறந்த செஷன். ஐந்து பெயர் கொடுத்தேன்:

   எக்ஸ் =: 1 2 3
   ஒய் =: 10 20 30
   இசட் =: 5
   எம் =: 7
   கே =: 9

பிறகு பெயர்ச்சொற்களின் (ஜே-யில் வெறும் மதிப்பு வைத்த பெயர்கள், வகை எண் 0) பட்டியல் கேட்டேன்:

   நேம்ஸ் 0

வந்தது: கே, எம், இசட். அவ்வளவுதான். எக்ஸும் இல்லை, ஒய்யும் இல்லை.

ஆனால் எக்ஸ் என்று தட்டி என்டர் அடித்தால் 1 2 3 வருகிறது. 4!:0 <'எக்ஸ்' என்று வகை கேட்டால் 0 வருகிறது, அதாவது பெயர்ச்சொல், மதிப்பு இருக்கிறது என்று அர்த்தம். பெயர்ப் பட்டியல் தரும் மொழியின் உள்கட்டளை 4!:1 (0) என்பதை நேரடியாகப் போட்டுப் பார்த்தேன். ஐந்தும் வரிசையாக வருகின்றன!

ஆளைக் கூப்பிட்டால் பதில் சொல்கிறான், வருகைப் பதிவேட்டில் மட்டும் பெயர் இல்லை. இது என்ன கூத்து?

#2 வால்நட்சத்திரம்

மூடிவிட்டுத் திறந்து பார்த்தீங்களா?

#3 அரைவேக்காடு

மூன்று தடவை. விண்டோ வடிவத்திலும் பார்த்தேன், கன்சோலிலும் பார்த்தேன். ஒரே மாதிரிதான்.

#4 மௌனவாசகி

வருஷக்கணக்கில் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதில் சூடுபட்டவள் என்பதால் வாயைத் திறக்கிறேன்.

ஜே-யில் ஒரு வசதி உண்டு. எந்த வினைச்சொல்லின் (ஃபங்ஷனுக்கு ஜே-யில் அதுதான் பெயர்) பெயரையும் தனியாகத் தட்டினால் அதன் வரையறை அப்படியே திரையில் வரும். நேம்ஸ் என்று மட்டும் தட்டிப் பாருங்கள். அது தனியாக எதையும் செய்வதில்லை. என்எல் என்ற இன்னொரு வினையைக் கூப்பிட்டு, வந்ததைத் திரை அகலத்துக்கு ஏற்றபடி அடுக்கிக் காட்டுகிறது. அடுத்து என்எல் என்று தட்டுங்கள். கொஞ்சம் நீளமான வரையறை வரும். நடுவில் ஒரு வரி இப்படி இருக்கும்:

   என்எம்எஸ் =. (4!:1 ஒய்) -. ;: 'எக்ஸ் ஒய் எக்ஸ். ஒய்.'

-. என்றால் கழித்தல்: இடது பக்கப் பட்டியலில் இருந்து வலது பக்கத்தில் உள்ளவற்றை நீக்கு. ஆக, இன்டர்பிரட்டர் (ஜே-யை ஓட்டும் நிரல்) ஐந்து பெயரையும் ஒழுங்காகத்தான் கொடுக்கிறது. மேலே உட்கார்ந்திருக்கும் லைப்ரரி வினைதான் எக்ஸ், ஒய் இரண்டையும் வேண்டுமென்றே களைந்துவிட்டு மீதியை உங்களிடம் நீட்டுகிறது.

#5 அரைவேக்காடு

வேண்டுமென்றேவா? என் பெயர்களைக் களைய அதற்கு யார் அதிகாரம் கொடுத்தது?

#6 பழம்பஞ்சாங்கம்

தம்பி, கோபப்படுவதற்கு முன்னால் அந்த வினையின் இடத்தில் நின்று பாருங்கள்.

என்எல் என்பது விரிவாக எழுதப்பட்ட வினை. அதாவது உள்ளே வரிவரியாகக் கட்டளை இருக்கும், வலது உள்ளீட்டுக்கு ஒய் என்றும் இடது உள்ளீட்டுக்கு எக்ஸ் என்றும் பெயர். அந்த வினை ஓடும் நேரத்தில் எக்ஸ், ஒய் இரண்டும் அதற்குள் லோக்கல் பெயர்களாக (அந்த வினைக்குள் மட்டும் செல்லுபவை) உயிரோடு இருக்கின்றன. அந்த நிலையில் 4!:1 கேட்டால் என்ன கிடைக்கும்? செஷனில் உள்ள குளோபல் பெயர்கள் மட்டுமல்ல, ஓடிக்கொண்டிருக்கும் வினையின் லோக்கல் பெயர்களும் சேர்ந்தே வரும். நம்பிக்கை இல்லாவிட்டால் இதை ஓட்டிப் பாருங்கள்:

   பார் =: 3 : 0
   தற்காலிகம் =. 7
   4!:1 (0)
   )
   பார் 5

விடையில் உங்கள் குளோபல் பெயர்களோடு தற்காலிகம் என்பதும் இருக்கும், ஒய்யும் இருக்கும். உங்கள் செஷனில் ஒய் என்று எதுவுமே இல்லாவிட்டாலும் இருக்கும்.

இப்போது லைப்ரரி எழுதியவரின் சங்கடம் புரிகிறதா? கழிக்காமல் விட்டால், ஒன்றுமே இல்லாத காலி செஷனில்கூட நேம்ஸ் '' என்று கேட்டதும் எக்ஸ், ஒய் என்று இரண்டு பெயர் வந்து நிற்கும். "நான் வைக்காத பெயர் எப்படி வந்தது?" என்று நூறு பேர் கேட்பார்கள். கழித்தால் உங்களைப் போல ஒருவர் கேட்பார். லைப்ரரி எழுதியவர் நூறு பேரைப் பார்த்திருக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கழித்தல் வரியில் நாலு சொற்கள் இருக்கின்றன: எக்ஸ், ஒய், பிறகு புள்ளி வைத்த எக்ஸ், புள்ளி வைத்த ஒய். இந்தக் கதையே அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது.

கென்னத் ஐவர்சன் 1962-இல் புத்தகமாக வெளியிட்ட குறியீட்டு முறையில் இருந்துதான் ஜே-க்கு முன்னோடியான ஏபிஎல் மொழி பிறந்தது. இன்றைய ஏபிஎல்-இல் சிறு ஃபங்ஷன் எழுதினால் உள்ளீடுகளுக்கு ⍺, ⍵ என்று தனிக் குறிகள். அவை மாறிப் பெயர்களே அல்ல, எனவே எந்தப் பட்டியலிலும் வராது. 1990 வாக்கில் ஐவர்சனும் ரோஜர் ஹூயியும் ஜே-யைக் கட்டியபோது விசேஷ எழுத்துரு வேண்டாம், சாதாரண விசைப்பலகையில் உள்ளது போதும் என்று தீர்மானித்தார்கள். ⍵ போனது. அதன் இடத்தில் வந்தது ஒய். என்கிற புள்ளி வைத்த சொல். நீங்கள் நினைத்தாலும் புள்ளி வைத்த பெயரை உங்கள் மாறிக்கு வைக்க முடியாது. ஆகவே மோதல் வர வாய்ப்பே இல்லை. பட்டியலில் இருந்து புள்ளி வைத்ததைக் கழிப்பதால் யார் சொத்தும் போகாது.

6.01 பதிப்பில் அந்தப் புள்ளியை எடுத்தார்கள். கண்ணுக்கு அழகாக இருக்கிறது, தட்டுவதும் சுலபம். ஆனால் அன்றிலிருந்து ஒய் என்பது உள்ளீட்டின் பெயரும் ஆயிற்று, நீங்கள் சாதாரணமாக வைக்கக்கூடிய பெயரும் ஆயிற்று. கழித்தல் பட்டியலில் புள்ளி இல்லாத இரண்டும் இருப்பது அதனால்தான். முன்பு யாரையும் தொடாத கத்தரி இப்போது உங்கள் ஜேபியையும் சேர்த்து வெட்டுகிறது.

#7 சல்லடை

பழம்பஞ்சாங்கம் ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒரு சின்ன இடைவெளி மட்டும். விரிவான வரையறையில் எக்ஸ், ஒய் மட்டும் உள்ளீட்டுப் பெயர் இல்லை. வினையடை, இணைப்புச்சொல் (வினைகளை எடுத்துப் புது வினை தருபவை) எழுதும்போது யூ, வி, எம் இவையும் அந்த வேலையைச் செய்யும். ஆனால் கேள்வி கேட்டவருடைய பட்டியலில் எம் வந்திருக்கிறதே, கவனித்தீர்களா?

காரணம் எளிது. என்எல் ஒரு வினைச்சொல். வினைக்குள் எம்முக்கு மதிப்பு ஏதும் வராது. வராததைக் கழிக்க வேண்டியதில்லை. அதனால் உங்கள் எம் தப்பியது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு "உள்ளீட்டுப் பெயர்களில் பாதியை ஒளிக்கிறது, பாதியைக் காட்டுகிறது" என்று தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் முறையாகத்தான் இருக்கிறது.

அதே வரையறையில் என்எம்எஸ் என்ற லோக்கல் பெயரும் இருக்கிறது. அது ஏன் பட்டியலில் வரவில்லை? 4!:1 ஓடி முடிந்த பிறகுதானே அதற்கு மதிப்பு ஏறுகிறது. அந்த நொடியில் அது இன்னும் பிறக்கவில்லை. யாராவது புண்ணியவான் "வரியைச் சீர்படுத்துகிறேன்" என்று என்எம்எஸ்-க்கு முன்கூட்டியே ஒரு காலி மதிப்பைக் கொடுத்துவிட்டால் அன்றே அதுவும் பட்டியலில் முளைத்துவிடும்.

#8 அரைவேக்காடு

சரி, காரணம் புரிகிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை. பயன்படுத்துகிறவன் பார்வையில் இது பொய்தானே? "இந்த லொக்கேலில் (பெயர்த் தொகுப்பில்) உள்ள பெயர்கள்" என்று கேட்கிறேன். இரண்டை மறைத்துவிட்டு, மறைத்தேன் என்றும் சொல்லாமல் தருகிறது.

#9 வால்நட்சத்திரம்

குளோபலுக்கு ஒய் என்று பேர் வைக்காதீங்க. முடிஞ்சுது கதை.

#10 மௌனவாசகி

வால்நட்சத்திரம், அவ்வளவு சுலபமாக முடியவில்லை என்பதால்தான் எழுத வந்தேன். என் கதையைச் சொல்கிறேன்.

ஏபிஎல்-காரர்களுக்கு ஒர்க்ஸ்பேஸ் என்று ஒன்று உண்டு. சேவ் என்றால் மொத்த மேஜையும் அப்படியே பெட்டிக்குள் போய்விடும். ஜே-யில் அது இல்லை, எல்லாம் ஸ்கிரிப்ட் கோப்புகள்தான். எனக்கு அந்த வசதி இல்லாமல் கை ஓடவில்லை. அதனால் நானே ஒரு காப்பு வினை எழுதினேன். என்எல் 0 கொடுக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, 5!:5 மூலம் அதன் எழுத்து வடிவத்தை வாங்கி, கோப்பில் "பெயர் =: மதிப்பு" என்று வரிவரியாக எழுதிவிடும். மறுநாள் அந்தக் கோப்பை லோட் செய்தால் எல்லாம் திரும்பி வரும். இரண்டு மாதம் ஜோராக ஓடியது.

ஒருநாள் அளவீடுகளை எக்ஸ், ஒய் என்று வைத்துவிட்டேன். ராத்திரி காப்பு எடுத்தேன். காலையில் லோட் செய்தால் நாற்பது சொச்சம் பெயர் வந்தது, அந்த இரண்டு மட்டும் வரவில்லை. ஒரு நாள் கையால் திருத்திய எண்கள் போயே போய்விட்டன.

அப்போது இதே வரியைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த கையோடு அதைவிடப் பெரிய தப்பு ஒன்றைச் செய்தேன். "என்எல் ஏமாற்றுகிறது, நேராக 4!:1-ஐயே கூப்பிடுகிறேன்" என்று காப்பு வினைக்குள் மாற்றி எழுதினேன். இப்போது பட்டியலில் ஒய் வந்தது. சந்தோஷம். மறுநாள் லோட் செய்தேன். ஒய்யின் மதிப்பு என்ன தெரியுமா? காப்புக் கோப்பின் பெயர்! காப்பு வினைக்கு நான் கொடுத்த உள்ளீடே அதுதானே. வினைக்குள் நின்றுகொண்டு 5!:5 <'ஒய்' என்று கேட்டால் உள்ளே இருக்கும் லோக்கல் ஒய்தான் பதில் சொல்லும், வெளியே நிற்கும் என் அளவீடு அல்ல. முதல் தடவை எண்கள் காணாமல் போயின. இரண்டாவது தடவை வேறு வேஷத்தில் வந்து நின்றன. முதலாவது தேவலை என்று தோன்றியது.

#11 சல்லடை

அருமையான உதாரணம். லொக்கேல் பெயரைச் சேர்த்து எழுதினால் லோக்கல் குறுக்கே வராது என்பதை இங்கே சொல்லிவிடலாம். ஒய்_பேஸ்_ என்று கேட்டால் பேஸ் லொக்கேலில் (செஷன் வழக்கமாக இருக்கும் லொக்கேல்) தேடும், வினையின் லோக்கல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. 5!:5-க்கும் அந்த நீளப் பெயரையே கொடுத்திருந்தால் உங்கள் அளவீடு பத்திரமாக வந்திருக்கும்.

#12 அரைவேக்காடு

அப்படியென்றால் என்எல்-ஐயே திருத்திவிடலாமே? கழிப்பதற்கு முன்னால், நடப்பு லொக்கேல் எது என்று 18!:5 '' மூலம் தெரிந்துகொண்டு, எக்ஸ்_அந்தலொக்கேல்_ என்பதன் வகையை 4!:0 மூலம் கேட்டு, மதிப்பு இருந்தால் கழிக்காமல் விடு. ஐந்து வரி வேலை.

#13 சல்லடை

கிட்டத்தட்ட. ஆனால் 4!:0 பாதையில் ஏறும்.

அதாவது, பேஸில் பெயர் இல்லாவிட்டால் அதன் தேடு பாதையில் உள்ள அடுத்த லொக்கேலுக்கு, வழக்கமாக இசட் லொக்கேலுக்குப் போய்த் தேடும். இசட்டில் யாரோ எக்ஸ் என்று ஒன்றை வைத்திருந்தால் எக்ஸ்_பேஸ்_ "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். பேஸில் இல்லாததை இருப்பதாகக் காட்டும் புதுத் தவறு பிறக்கும்.

4!:1 அப்படி ஏறாது. நடப்பு லொக்கேலோடு நின்றுவிடும். இந்த முரண்பாட்டை நீங்கள் இன்னும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன், கவனித்தால் இன்னொரு இழை தொடங்குவீர்கள். லோட் என்ற வினையை நாம் தினமும் பயன்படுத்துகிறோம். பேஸில் நின்று 4!:0 <'லோட்' என்றால் 3, அதாவது வினைச்சொல் என்று வரும். ஆனால் நேம்ஸ் 3 என்று கேட்டால் லோட் அதில் இருக்காது, ஏன் நேம்ஸ்கூட இருக்காது! இரண்டும் குடியிருப்பது இசட்டில். அவற்றைப் பார்க்க நேம்ஸ்_இசட்_ 3 என்று கேட்க வேண்டும். 4!:0 "இந்தப் பெயரை இங்கிருந்து கூப்பிட்டால் கிடைக்குமா?" என்பதற்குப் பதில் சொல்கிறது. 4!:1 "இந்த வீட்டுக் குடும்ப அட்டையில் யார் யார் பெயர்?" என்பதற்கு.

#14 அரைவேக்காடு

ஐயோ. உண்மையாகவே அதைக் கவனிக்கவில்லை.

#15 பழம்பஞ்சாங்கம்

இதெல்லாம் ஜே-க்கு மட்டும் வந்த நோய் என்று நினைத்துவிடாதீர்கள். ஏபிஎல்-இல் ஐம்பது வருஷமாக உண்டு.

அங்கே இரண்டு வழி. ஒன்று, மூடும் அடைப்புக்குறியோடு தொடங்கும் வார்ஸ் என்ற சிஸ்டம் கட்டளை. இன்னொன்று, குவாட் என்எல் என்ற சிஸ்டம் ஃபங்ஷன். எண் 2 கொடுத்தால் மாறிகள், 3 கொடுத்தால் ஃபங்ஷன்கள். சாதாரண நேரத்தில் இரண்டும் ஒரே பதில்தான். ஒரு ஃபங்ஷன் பாதியில் பிழையாகி நின்றுவிட்டால்தான் வேடிக்கை.

குளோபலாக எடை என்ற மாறிக்கு 10 என்று மதிப்பு வைத்திருக்கிறீர்கள். ஒரு ஃபங்ஷனின் தலைப்பு வரியில் எடை என்பதை லோக்கல் என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்த ஃபங்ஷன், எடைக்கு மதிப்பு கொடுக்கும் வரி வருவதற்கு முன்பே பிழையில் நிற்கிறது. இப்போது டயலாக் ஏபிஎல்-இல் (ஏபிஎல்-இன் இன்றைய வடிவங்களில் ஒன்று) கேளுங்கள்:

வார்ஸ் சொல்லும்: எடை இருக்கிறது. அது குளோபல்களைத்தான் பார்க்கிறது.

குவாட் என்எல் 2 சொல்லும்: எடையா, அப்படி யாரும் இல்லை. அது இந்த நொடியில் கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்கிறது. கண்ணுக்குத் தெரிவதோ மதிப்பில்லாத லோக்கல்.

குவாட் என்சி 'எடை' என்று வகை கேட்டால் 0, அங்கே அதற்கு மதிப்பில்லாத பெயர் என்று அர்த்தம். எடை என்று தட்டினால் வேல்யூ எரர்.

முதல் தடவை இதில் மாட்டியபோது நானும் இன்டர்பிரட்டருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அதனால்தான் அந்தக் காலத்துப் பயன்பாட்டு ஃபங்ஷன்களைத் திறந்து பார்த்தால் லோக்கல் பெயர்களுக்கு எல்லாம் முன்னால் ∆, ⍙ என்று கொம்பு முளைத்திருக்கும். யாரும் தன் மாறிக்கு அப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான்.

இன்னொரு கண்ணி. வார்ஸ் கட்டளைக்குப் பின்னால் 'கே' என்று ஒரு எழுத்தைப் போட்டால், கே-யில் தொடங்கும் பெயர்கள் மட்டும் வரும் என்று நினைப்போம். வராது. கே-யில் இருந்து ஆரம்பித்து, அகரவரிசையில் அதற்கு அப்புறம் உள்ள அத்தனையும் வரும். குவாட் என்எல்-க்கு இடது பக்கம் 'கே' கொடுத்தால்தான் அந்த எழுத்தில் தொடங்குபவை மட்டும் வரும். ஒரே வீட்டில் இரண்டு வழக்கம்.

#16 வால்நட்சத்திரம்

ஆர் மொழியில ls ஃபங்ஷன் புள்ளியில தொடங்கற பெயரை எல்லாம் காட்டாது, தனியா கேட்டாத்தான் காட்டும். ஆனா அது மேனுவல்ல எழுதியிருக்கு. நான் சண்டைக்கு வரல, அரைவேக்காடு சொல்றதுலயும் நியாயம் இருக்குன்னு சொல்றேன். ஒளிக்கறது தப்பில்ல. சொல்லாம ஒளிக்கறதுதான் தப்பு.

#17 மௌனவாசகி

இதை ஒப்புக்கொள்கிறேன். லைப்ரரி வினையின் விளக்கத்தில் "எக்ஸ், ஒய் நீங்கலாக" என்று இரண்டே சொல் சேர்த்திருந்தால் என் அளவீடுகள் தப்பித்திருக்கும்.

இப்போது நான் செய்வது இதுதான். ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் ஒரே வரி:

   முழுப்பட்டியல் =: 4!:1

அவ்வளவுதான். இது டாசிட், அதாவது உள்ளீட்டுக்குப் பெயரே இல்லாத வரையறை. பெயர் இல்லாததால் உள்ளே எக்ஸ் ஒய் பிறப்பதில்லை. பிறக்காததைக் கழிக்கவும் வேண்டாம். முழுப்பட்டியல் 0 என்றால் செஷனில் உள்ள ஐந்தும் வரும்.

#18 சல்லடை

செஷனில் இருந்து நேராகக் கூப்பிடும்வரை அது சரி. அதையே இன்னொரு விரிவான வினைக்குள் இருந்து கூப்பிட்டுப் பாருங்கள். டாசிட் வினைக்குத் தனக்கென்று லோக்கல் அறை கிடையாது. கூப்பிட்டவருடைய அறையிலேயே நிற்கும். ஆகவே கூப்பிட்ட வினையின் ஒய், தற்காலிகம் எல்லாம் மறுபடியும் பட்டியலில் வந்துவிடும்.

குளோபல் மட்டும் வேண்டும், எங்கிருந்து கேட்டாலும் ஒரே பதில் வேண்டும் என்றால் 4!:5-ஐப் பாருங்கள். 4!:5 (1) என்று ஒருமுறை முடுக்கிவிட்டால், அதற்குப் பிறகு மதிப்பு ஏற்றப்பட்ட குளோபல் பெயர்களை அடுத்த தடவை கேட்கும்போது கொடுக்கும். எக்ஸ்_பேஸ்_ என்று லொக்கேல் வால் ஒட்டியே கொடுக்கும் என்பதால் குழப்பம் இல்லை. கடைசியாகக் கேட்டதற்குப் பிறகு மாறியவை மட்டும்தான் வரும் என்பது குறையா நிறையா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. காப்பு எடுக்க எனக்கு அது நிறை.

#19 பழம்பஞ்சாங்கம்

அரைவேக்காடு தம்பி, ஒரு சந்தேகம். இந்தப் பட்டியலை எதற்காகப் பார்க்கப் போனீர்கள்? சும்மா இருக்கிறவர்கள் நடு ராத்திரியில் நேம்ஸ் 0 போட்டுப் பார்ப்பதில்லை.

#20 அரைவேக்காடு

கேட்டதற்கு நன்றி ஐயா. அதை எழுதினால் சிரிப்பீர்கள் என்று விட்டுவிட்டேன்.

24 புள்ளிகள் கொண்ட ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். எக்ஸ் அச்சு, ஒய் மதிப்பு. முதல் கோப்பு முடிந்தது. இரண்டாவது கோப்புக்குப் போகும் முன் மேஜையைத் துடைக்கலாம் என்று என்எல் 0 காட்டிய எல்லாவற்றையும் அழித்தேன். நேம்ஸ் 0 போட்டேன், காலி. எக்ஸ் அச்சைப் புதிதாகக் கொடுத்தேன். இரண்டாவது கோப்பைப் படித்தேன். வரைந்தேன். கோடு முதல் கோப்பினுடையது மாதிரியே இருந்தது. அரைமணி நேரம் "இரண்டு நாளும் ஒரே மாதிரி அளவா, ஆச்சரியமாக இருக்கிறதே" என்று உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் சந்தேகம் வந்து பட்டியலைக் கேட்டேன்.

#21 வால்நட்சத்திரம்

அப்ப பழைய ஒய் அழியவே இல்ல. பட்டியல்ல இல்லாததை எப்படி அழிப்பீங்க! 😂

#22 சல்லடை

அது பாதி விடைதான். பழைய ஒய் அழியாமல் இருந்தது சரி. ஆனால் இரண்டாவது கோப்பைப் படித்தபோது புது மதிப்பு அதன் மேல் ஏறியிருக்க வேண்டுமே? ஏன் ஏறவில்லை? கோப்பைப் படிக்கும் வரியைக் காட்டுங்கள்.

#23 அரைவேக்காடு

இதோ. முதல் கோப்பை செஷனிலேயே நேரடியாகப் படித்தேன். இரண்டாவதுக்கு மட்டும் ஒரு வினையாக எழுதிக்கொண்டேன்:

   படி =: 3 : 0
   ஒய் =. எண்ணாக்கு கோப்புபடி ஒய்
   'முடிந்தது'
   )

முதலில் =: என்றுதான் போட்டிருந்தேன். டொமைன் எரர் வந்தது. =. என்று மாற்றினேன், சத்தமில்லாமல் ஓடியது.

#24 சல்லடை

டொமைன் எரர் வந்ததே, அதுதான் அன்று உங்களிடம் ஒளிக்காமல் பேசிய ஒரே ஆள். அவர் வாயையும் அடைத்துவிட்டீர்கள்.

வினைக்குள் ஒய் ஏற்கெனவே லோக்கல், உங்கள் கோப்புப் பெயர் அதில் இருக்கிறது. லோக்கலாக மதிப்பு இருக்கும் பெயருக்கு =: போட்டு குளோபலாக ஏற்ற முயன்றால் ஜே மறுத்துவிடும். "எந்த ஒய்யைச் சொல்கிறாய்?" என்பதுதான் அந்தப் பிழையின் பொருள். =. என்று மாற்றியதும் லோக்கல் ஒய்யிலேயே புது எண்கள் ஏறின. வினை முடிந்தது, அறையைக் காலி செய்தார்கள், எண்களும் போயின. செஷனில் =. போட்டாலும் குளோபலாகத்தான் ஏறும், அதனால் இரண்டுக்கும் வித்தியாசமில்லை என்று பழகியிருப்பீர்கள். வினைக்குள் அப்படி இல்லை.

வினை எண்களைத் திருப்பிக் கொடுக்கட்டும். ஏற்றுவதை வெளியே செய்யுங்கள்.

#25 அரைவேக்காடு

படி வினையின் கடைசி வரியில் இருந்த 'முடிந்தது' என்பதைத் தூக்கிவிட்டேன், இப்போது எண்கள்தான் விடையாக வருகின்றன. செஷனில் அளவு =: படி 'இரண்டாவது கோப்பு' என்று வாங்கினேன். முழுப்பட்டியல் 0 போட்டேன். அளவு, எக்ஸ், ஒய் மூன்றும் நிற்கின்றன. ஒய்யை 4!:55 <'ஒய்' என்று அழித்துவிட்டு மறுபடியும் வரைந்தேன்.

கோடு வேறு. 17-ஆவது புள்ளியில் ஒரு செங்குத்துச் சரிவு இருக்கிறது, முதல் கோப்பில் அது இல்லவே இல்லை. அதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

#26 பழம்பஞ்சாங்கம்

அந்த 17-ஆவது எண்ணைக் கோப்பிலும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள் தம்பி. ஜே-யில் எதிர்மறைக் குறி அடிக்கோடு. கோப்பில் சாதாரணக் கழித்தல் குறி இருந்து அதை உங்கள் எண்ணாக்கு வினை எப்படிப் படித்தது என்று தெரியாது.

#27 அரைவேக்காடு

...பார்த்துவிட்டு வருகிறேன்.